கன்டெய்னருக்குள் ஓடும் ஜாவா செயலி: "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" வந்தால் எங்கிருந்து தேடுவது?

கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். ஸ்பிரிங் பூட்டில், ஜாவா 17 கொண்டு எழுதிய ஒரு செயலியை டாக்கர் கம்போஸ் (கன்டெய்னர் எனும் தனித்தனிச் சூழல்களில் செயலிகளை ஒன்றாக ஏற்றும் கருவி) வழியாக உபுண்டு சர்வர் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கம்போஸ் கோப்பில் இரண்டே சர்வீஸ்கள்தான் உள்ளன. செயலிக்கு "ஆப்" என்றும் மைஎஸ்க்யூஎல் 8 தரவுத்தளத்துக்கு "டிபி" என்றும் பெயர் வைத்திருக்கிறேன். அந்தச் சர்வரில் ஏற்கெனவே வேறொரு மைஎஸ்க்யூஎல் 3306-ஐப் பிடித்துக்கொண்டிருப்பதால், புதியதன் போர்ட்ஸ் வரியில் 3307:3306 (சர்வரின் 3307, கன்டெய்னரின் 3306) என்று எழுதியுள்ளேன்.

மடிக்கணினியில் கன்டெய்னர் இல்லாமல் இயக்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. சர்வரில் கம்போஸை ஏற்றியதும் "கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெய்லியர்" என்று தொடங்கும் நீண்ட பிழை வருகிறது. அதன் அடியில் ஜாவாவின் கனெக்ட் எக்ஸப்ஷன் வகையில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று இருக்கிறது. ஜேடிபிசி (ஜாவா தரவுத்தளத்தோடு இணையும் வழி) முகவரியில் முதலில் லோக்கல்ஹோஸ்ட்:3307 என்று வைத்திருந்தேன், பிறகு டிபி:3307 என்று மாற்றினேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான். ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தும் பயனில்லை. அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

பழைய_ரவுட்டர்

முதலில் ஃபயர்வாலைத் திரும்ப இயக்கிவிடுங்கள். இணைப்புச் சிக்கல் என்றாலே ஃபயர்வாலில் கை வைக்கும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் செய்தி வேறு திசையைக் காட்டுகிறது.

டிசிபி இணைப்பு ஒன்றைத் தொடங்கும்போது உங்கள் செயலி ஓடும் கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இணைப்புக் கேட்கும் ஒரு சின் பாக்கெட்டை அனுப்புகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த முகவரியிலும் அந்தப் போர்ட்டிலும் காத்திருக்கும் ஒரு ப்ராசஸ் இல்லையென்றால், அங்குள்ள கெர்னல் உடனே மறுப்பைக் குறிக்கும் ஆர்எஸ்டி பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். அதைத்தான் லினக்ஸ் 111 என்ற பிழை எண்ணாகவும், ஜாவா "ரெஃப்யூஸ்ட்" என்றும் சொல்கின்றன. ஆகவே மறுப்பு என்பதே ஒரு பதில்தான்: பாக்கெட் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கிருந்து ஒருவர் "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் ஃபயர்வாலாக இருந்தால் பதிலே வராது. செயலி வெகுநேரம் காத்திருந்து, "டைம்ட் அவுட்" என்று முடியும். பெயரையே கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஜாவா அன்நோன் ஹோஸ்ட் எக்ஸப்ஷன் தரும். ரிஜெக்ட் என்று விதி எழுதிய ஃபயர்வாலும் மறுப்பை அனுப்பக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே கம்போஸ் நெட்வொர்க்குக்குள் அப்படி விதி எழுதியிருப்பவர்கள் அரிது.

இன்னொன்று: ஃபயர்வாலை நிறுத்துவதாக நினைத்து ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகளை மொத்தமாக அழித்திருந்தால், டாக்கர் போட்டுவைத்த நாட் (முகவரியைத் திருப்பிவிடும்) விதிகளும் சேர்ந்து போயிருக்கும். அப்படிச் செய்திருந்தால் டாக்கர் சர்வீஸை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு மேலே செல்லுங்கள். இல்லையென்றால் இல்லாத புதுச் சிக்கல் ஒன்றைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஜேவிஎம்_ஆர்வலர்

கேள்வியிலேயே விடை இருக்கிறது: 3307. அந்த எண் ஹோஸ்ட் கணினி (கன்டெய்னர்கள் ஓடும் சர்வர்) வழியாக வருபவர்களுக்கு உரியது. கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசும்போது போர்ட்ஸ் வரி எந்த வகையிலும் குறுக்கிடாது. ஆப் கன்டெய்னர், டிபி கன்டெய்னரின் சொந்த ஐபி முகவரிக்கே நேராகப் போகிறது. அங்கே மைஎஸ்க்யூஎல் 3306-இல்தான் காத்திருக்கிறது, 3307-இல் யாரும் இல்லை. எனவே ஜேடிபிசி முகவரி டிபி:3306 என்று இருக்க வேண்டும். செயலி மட்டுமே அந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது என்றால், 3307 வரியையே நீக்கிவிடலாம்.

லோக்கல்ஹோஸ்ட் ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பிழையோடு வருபவர்களில் பெரும்பாலோர் இடறுவது அங்கேதான். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் உண்டு, அதற்குள் தனி லூப்பேக்கும் (தன்னோடு தானே பேசும் முகவரியும்) உண்டு. ஆப் கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர்தான்; ஹோஸ்ட் கணினியும் இல்லை, பக்கத்துக் கன்டெய்னரும் இல்லை. பண்புக் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி, ஜார் கோப்புக்குள் வைத்துக் கட்டிவிட்ட செயலிகள் அனைத்துக்கும் இந்தக் கதிதான். ஸ்பிரிங்கில் டேட்டாசோர்ஸ் முகவரியைச் சூழல் மாறியாகக் கம்போஸ் கோப்பிலிருந்தே கொடுத்துவிட்டால் இமேஜை (கன்டெய்னரின் மூல வார்ப்பை) மீண்டும் கட்ட வேண்டியதில்லை.

ஜாவாவின் அந்தப் பிழைச் செய்தி எந்த முகவரி மறுத்தது என்று சொல்வதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. ஜேடிகே 11 முதல் அதற்கு வழி இருக்கிறது: ஜேடிகே டாட் இன்க்ளூட்இன்எக்ஸப்ஷன்ஸ் என்ற பண்புக்கு ஹோஸ்ட்இன்ஃபோ என்ற மதிப்பை ஜாவா கட்டளையின் ஹைஃபன் டி விருப்பம் வழியாகக் கொடுத்தால், சாக்கெட் பிழைகளோடு முகவரியும் போர்ட்டும் சேர்ந்து வரும். உற்பத்திச் சூழலில் உள் முகவரிகள் லாகில் வெளிப்படக்கூடாது என்பதற்காகவே அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. எனவே தேடும் வேளையில் மட்டும் போட்டுப் பாருங்கள். செயலி எங்கே கதவைத் தட்டுகிறது என்று ஊகிக்க வேண்டிய தேவையே இராது.

கரையோரம்

இருவருக்கும் நன்றி. 3306 என்று மாற்றியதும் இணைந்துவிட்டது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று தெரிகிறது. தரவு வால்யூமை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் செயலி அதே மறுப்போடு விழுந்துவிடுகிறது; எதையும் மாற்றாமல் கம்போஸை மறுபடி ஏற்றினால் நன்றாக ஓடுகிறது. டிபி தொடங்கிய பிறகே ஆப் தொடங்கும்படி டிபெண்ட்ஸ்-ஆன் போட்டிருக்கிறேன். அது போதாது என்று எங்கோ படித்து, மைஎஸ்க்யூஎல்-அட்மின் பிங் கட்டளையை லோக்கல்ஹோஸ்டை நோக்கி இயக்கும் ஹெல்த்செக்கும் (சர்வீஸ் தயாரா என்ற சோதனையும்), அது தேறினால்தான் ஆப் எழ வேண்டும் என்ற சர்வீஸ்-ஹெல்தி நிபந்தனையும் சேர்த்துவிட்டேன். அப்படியும் முதல்முறை விழுகிறது. டிபி "ஹெல்தி" என்று டாக்கர் சொல்லும் அதே வேளையில் செயலிக்கு மறுப்பு வருவது எப்படி?

இரவுப்பணி

இது நல்ல கேள்வி, ஏனெனில் ஹெல்த்செக் பொய் சொல்லவில்லை, வேறு ஒரு சர்வரைப் பற்றிச் சொல்கிறது.

மைஎஸ்க்யூஎல்லின் அதிகாரப்பூர்வ இமேஜ், தரவு அடைவு காலியாக இருப்பதைக் கண்டால், முதலில் ஒரு தற்காலிகச் சர்வரை எழுப்பும். கடவுச்சொல் வைப்பது, தரவுத்தளத்தை உருவாக்குவது, தொடக்க அடைவில் நீங்கள் போட்டுவைத்த எஸ்க்யூஎல் கோப்புகளை ஓட்டுவது எல்லாம் அதன் வேலை. அந்த நேரத்தில் வெளியிலிருந்து யாரும் நுழையக் கூடாது என்பதால் ஸ்கிப்-நெட்வொர்க்கிங் விருப்பத்தோடு அது இயங்கும். அதாவது டிசிபி போர்ட்டே திறந்திருக்காது, ஒரே கணினிக்குள் மட்டும் பேச உதவும் யூனிக்ஸ் சாக்கெட் மட்டும்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அது நிறுத்தப்பட்டு, உண்மையான சர்வர் எழும்.

மைஎஸ்க்யூஎல் கருவிகள் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லைக் கண்டால், லினக்ஸில் டிசிபி வழியை விட்டுவிட்டு யூனிக்ஸ் சாக்கெட்டைத்தான் நாடும். ஆகவே உங்கள் பிங் தற்காலிகச் சர்வரோடு பேசி வெற்றி என்று திரும்புகிறது, டாக்கர் பச்சைக்கொடி காட்டுகிறது, செயலி 3306-ஐத் தட்டுகிறது, அங்கே யாரும் இல்லை. டிபி கன்டெய்னரின் லாகைத் திறந்து பாருங்கள். "ரெடி ஃபார் கனெக்‌ஷன்ஸ்" என்ற வரி இரண்டு முறை இருக்கும். முதல் வரியின் கடைப்பகுதியில் போர்ட்: 0 என்றும், இரண்டாவதில் போர்ட்: 3306 என்றும் காண்பீர்கள். மறுமுறை ஏற்றும்போது தரவு அடைவில் எல்லாம் தயாராக இருப்பதால் தற்காலிகச் சர்வருக்கே வேலை இல்லை; அதனால்தான் அப்போது ஓடிவிடுகிறது.

ஹெல்த்செக்கில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் 127.0.0.1 என்று எழுதுங்கள். அந்த ஒரு மாற்றம் போதும், ஏனெனில் எண் முகவரி கொடுத்தால் டிசிபி வழியாகத்தான் போயாக வேண்டும். போஸ்ட்கிரெஸ் இமேஜும் முதல் ஓட்டத்தில் யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டும் கேட்கும் தற்காலிகச் சர்வரைத்தான் எழுப்புகிறது. அங்கே பிஜி-இஸ்ரெடி கட்டளைக்கு ஹோஸ்ட் முகவரி கொடுக்காமல் விட்டால் இதே நாடகம் நடக்கும்.

ஜேவிஎம்_ஆர்வலர்

விளக்கத்தோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அதைத் தீர்வு என்று சொல்லத் தயங்குகிறேன். சர்வீஸ்-ஹெல்தி நிபந்தனை கம்போஸ் ஏற்றப்படும் அந்த ஒரு தருணத்துக்கு மட்டுமே பொருந்தும். நள்ளிரவில் தரவுத்தளம் மட்டும் மறுதொடக்கம் ஆனாலோ, நாளை வேறு கணினிக்குப் போனாலோ அந்த நிபந்தனை எதையும் காப்பாற்றாது. ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் ஹிக்காரி பூல் (தரவுத்தள இணைப்புகளை நிர்வகிக்கும் நூலகம்) தானாகவே புதிய இணைப்புகளைத் தேடிக்கொள்ளும். தொடக்கத்தில் மட்டும் அது கறாராக இருக்கிறது, முதல் இணைப்பு கிடைக்காவிட்டால் உடனே தோல்வி என்று அறிவித்துவிடும். இனிஷியலைசேஷன் ஃபெயில் டைம்அவுட் என்ற அதன் அமைப்பில் 60,000 மில்லிவினாடி கொடுத்தால், ஒரு நிமிடம்வரை முயன்று பார்த்த பிறகே கைவிடும். காத்திருக்கும் பொறுப்பு செயலியிடம் இருப்பதே முறை.

இரவுப்பணி

கொள்கையளவில் சரி. நடைமுறையில், ஃப்ளைவே (தரவுத்தள அமைப்பைப் புதுப்பிக்கும் கருவி) போன்றவையும் தொடக்கத்திலேயே இணைப்பைக் கேட்கும், வேறு நூலகங்கள் தங்களுக்கென்று தனி இணைப்பு வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும் அமைப்பைத் தேடிப் போடுவதைவிட, செயலி விழுந்தால் விழட்டும் என்று விட்டு, ரீஸ்டார்ட் கொள்கையை ஆன்-ஃபெய்லியர் என்று வைப்பது எனக்கு எளிதாகப் படுகிறது. சிறு குழுக்களுக்கு இதுவே போதும். மெல்ல எழும் பெரிய செயலிகளுக்கு உங்கள் வழிதான் ஏற்றது என்பதையும் மறுக்கவில்லை.

கரையோரம்

127.0.0.1 என்று மாற்றியதும் முதல் ஓட்டத்திலேயே செயலி இணைந்துவிட்டது. லாகில் போர்ட்: 0 என்ற வரியையும் பார்த்தேன். ஹிக்காரி அமைப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. இதே செயலியை ரிமோட் டீபக் செய்ய வேண்டியிருக்கிறது. ஜாவா 8-இல் இருந்தபோது எழுதிய ஜேடிடபிள்யூபி (ஜாவாவின் டீபக் நெறிமுறை) விருப்பத்தில் அட்ரஸ்=5005 என்று இருந்தது, அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கம்போஸில் 5005:5005 திறந்திருக்கிறது. மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் (சர்வருக்குச் செல்லும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு) வழியே ஐடிஇ-யை (குறிமுறை எழுதும் கருவியை) இணைத்தால் "ஹேண்ட்ஷேக் ஃபெயில்ட்" என்கிறது. அலுவலகத்தில் வேறொரு கணினியிலிருந்து சர்வரின் ஐபி முகவரிக்கு நேராக முயன்றால் "ரெஃப்யூஸ்ட்" வருகிறது. ஒரே போர்ட்டுக்கு இரண்டு விதமான பதில் ஏன்?

ஜேவிஎம்_ஆர்வலர்

காரணம் ஜேடிகே 9. அதற்கு முன்பு அட்ரஸ்=5005 என்றால் எல்லா இடைமுகங்களிலும் டீபக் போர்ட் திறக்கும். ஜேடிகே 9 முதல் வெறும் எண் கொடுத்தால் லூப்பேக்கில் மட்டுமே திறக்கும். கன்டெய்னரின் லூப்பேக் கன்டெய்னருக்குள்ளேயே முடிந்துவிடுவதால், டாக்கர் வெளியே எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் உள்ளே கேட்பவர் இல்லை. அட்ரஸ்=*:5005 என்று, நட்சத்திரக் குறியோடு எழுத வேண்டும்.

அந்த மாற்றம் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். ஜேடிடபிள்யூபி எந்தக் கடவுச்சொல்லும் கேட்காது. அந்தப் போர்ட்டைத் தொட முடிந்த எவரும் உங்கள் ஜேவிஎம்முக்குள் விரும்பிய குறிமுறையை ஓட்டலாம். எனவே கன்டெய்னருக்குள் நட்சத்திரம் போட்டாலும், கம்போஸில் 127.0.0.1:5005:5005 என்று ஹோஸ்டின் லூப்பேக்கில் மட்டும் திறந்து, இப்போது செய்வதுபோல் எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகவே வாருங்கள். அலுவலகக் கணினியிலிருந்து நேராக இணைப்பதைக் கைவிடுவது நல்லது.

பழைய_ரவுட்டர்

இரண்டு விதமான பதிலுக்கான காரணத்தை நான் சொல்கிறேன். எஸ்எஸ்எச் சுரங்கம் முடிவடைவது ஹோஸ்டின் 127.0.0.1-இல். இயல்பான அமைப்பில் அந்த முகவரிக்கு வருவதை டாக்கரின் நாட் விதிகள் தொடுவதில்லை. டாக்கர்-ப்ராக்ஸி என்ற ஒரு சிறு ப்ராசஸ்தான் அங்கே அமர்ந்து இணைப்பை ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது கன்டெய்னரை நாடிப்போய், அங்கே ஆள் இல்லை என்று கண்டு, உங்கள் இணைப்பைப் பாதியில் துண்டிக்கிறது. வெளிக் கணினியிலிருந்து வருவதோ கெர்னலின் நாட் விதி வழியாக நேராகக் கன்டெய்னரின் முகவரிக்குத் திருப்பப்படுகிறது. அங்குள்ள ஆர்எஸ்டி அப்படியே திரும்பி வருகிறது. நோய் ஒன்றுதான். ஹோஸ்டில் கர்ல் போட்டுப் பார்த்து "கனெக்‌ஷன் ரீசெட்" வந்தால், போர்ட் திறந்திருக்கிறது, செயலியில்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். செயலி லூப்பேக்கில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இதை ஊகமில்லாமல் அறியக் கன்டெய்னருக்குள் யார் எந்த முகவரியில் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பல இமேஜ்களில் அதைக் காட்டும் எஸ்எஸ், நெட்ஸ்டாட் கருவிகள் எதுவும் இருக்காது. ஹோஸ்டிலிருந்து என்எஸ்என்டர் கொண்டு அந்த நேம்ஸ்பேஸுக்குள் நுழைந்து ஹோஸ்டின் எஸ்எஸ் கருவியையே ஓட்டலாம். அதற்கும் உரிமை இல்லையென்றால், கன்டெய்னருக்குள் ப்ராக் அடைவின்கீழ் நெட் அடைவில் உள்ள டிசிபி, டிசிபி6 ஆகிய இரு கோப்புகளையும் கேட் கட்டளையால் திறந்து பாருங்கள். எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும்: 8080 என்பது 1எஃப்90, 5005 என்பது 138டி. நிலை என்ற பத்தியில் 0ஏ என்றிருந்தால் அந்த சாக்கெட் கேட்டுக்கொண்டிருக்கிறது. முகவரி முழுவதும் பூஜ்ஜியமாக இருந்தால் எல்லா இடைமுகங்களும். 0100007எஃப் என்று முடிந்தால் 127.0.0.1, பைட்டுகள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஸ்பிரிங்கின் 8080 டிசிபி6 கோப்பில் மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம். லினக்ஸில் ஜாவா இயல்பாகத் திறப்பது ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஏற்கும் சாக்கெட்.

டாம்கேட்_பயனர்

இழையைப் படித்துக்கொண்டிருந்தேன், என் சிக்கலும் இதே வகை என்று தோன்றுகிறது. அப்பாச்சி வெப்சர்வர் ஒரு கன்டெய்னரிலும் டாம்கேட் 9 (ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர்) மற்றொன்றிலும் உள்ளன. இவை இரண்டும் பேசிக்கொள்வது ஏஜேபி நெறிமுறையில், போர்ட் 8009. இமேஜைப் புதுப்பித்ததிலிருந்து 8009 மறுக்கப்படுகிறது, 8080 மட்டும் வழக்கம்போல் வேலை செய்கிறது. அமைப்புக் கோப்பில் நாங்கள் எதையும் தொடவில்லை.

இரவுப்பணி

புதுப்பிப்புக்கு முன் இருந்தது 9.0.31-க்கு முந்தைய பதிப்பாக இருக்கும். 2020-இல் கோஸ்ட்கேட் என்று பெயர்பெற்ற ஏஜேபி ஓட்டை வெளிவந்தபோது, டாம்கேட் குழு இயல்பு அமைப்புகளை இறுக்கியது. 9.0.31 முதல் ஏஜேபி கனெக்டர் முகவரி எதுவும் கொடுக்காவிட்டால் லூப்பேக்கில் மட்டும் கேட்கும். உடன்வரும் சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தக் கனெக்டரே குறிப்புரைக்குள் போடப்பட்டிருக்கும். 8.5-இலும் 7-இலும் அதே காலத்தில் இதே மாற்றம் வந்தது.

உங்களுடைய சொந்தக் கோப்பை ஏற்றுகிறீர்கள் என்றால் கனெக்டரில் அட்ரஸ் பண்பை 0.0.0.0 என்று வையுங்கள். அது மட்டும் போதாது: சீக்ரெட் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், டாம்கேட் பக்கம் மறைச்சொல் கொடுக்காவிட்டால் கனெக்டர் தொடங்கவே தொடங்காது, மறுப்பும் தொடரும்; அதே மறைச்சொல்லை அப்பாச்சி பக்கமும் கொடுக்க வேண்டும். உங்கள் அப்பாச்சி பதிப்பின் ப்ராக்ஸி-ஏஜேபி சீக்ரெட்டை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால், சீக்ரெட்ரெக்வயர்டை ஃபால்ஸ் என்று வைப்பதைவிட எச்டிடிபி ப்ராக்ஸிக்கு மாறிவிடுவதே என் பரிந்துரை. 8009-ஐ எந்தக் காரணத்துக்காகவும் ஹோஸ்டுக்கு வெளியே திறக்காதீர்கள்.

வைல்ட்ஃப்ளை (மற்றொரு ஜாவா சர்வர்) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அது எச்டிடிபியையே இயல்பாக 127.0.0.1-இல்தான் திறக்கும், தொடக்கக் கட்டளையில் ஹைஃபன் பி 0.0.0.0 சேர்த்தால்தான் கன்டெய்னருக்கு வெளியே தெரியும்.

கரையோரம்

நட்சத்திரம் சேர்ப்பதற்கு முன் கோப்பைத் திறந்து பார்த்தேன். 0100007எஃப்:138டி என்ற வரி 0ஏ நிலையில் இருந்தது. சேர்த்த பிறகு அது பூஜ்ஜியங்களாக மாறியது, ஐடிஇ-யும் இணைந்தது. கம்போஸில் போர்ட்டை ஹோஸ்டின் லூப்பேக்குக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டேன்.

இதே சுரங்கத்தில் ஜேஎம்எக்ஸையும் (ஜாவா செயலியைக் கண்காணிக்கும் வழியையும்) சேர்க்கப் பார்த்தேன். ஜேஎம்எக்ஸ்ரிமோட் போர்ட் 9010, ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேம் 127.0.0.1. கண்காணிப்புக் கருவியான விஷுவல்விஎம் முதலில் இணைவதுபோல் தெரிந்து, பிறகு 127.0.0.1 மறுத்துவிட்டது என்கிறது. இந்தமுறை உள்ளே 9010 எல்லா இடைமுகங்களிலும் கேட்கிறது.

ஜேவிஎம்_ஆர்வலர்

ஜேஎம்எக்ஸ் இணைப்பு இரண்டு கட்டமாக நடக்கும். 9010-இல் இருப்பது பதிவேடு மட்டும். அது உங்கள் விஷுவல்விஎம்மிடம் "உண்மையான உரையாடலுக்கு இந்த ஹோஸ்டுக்கு, இந்தப் போர்ட்டுக்குப் போ" என்று ஒரு முகவரியைக் கொடுக்கிறது. அந்த இரண்டாவது போர்ட்டை நீங்கள் குறிப்பிடாததால் ஜேவிஎம் ஏதோ ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்திருக்கும். உங்கள் மடிக்கணினியின் 127.0.0.1-இல் அந்த எண்ணுக்குச் சுரங்கம் இல்லை. மறுத்தது உங்கள் மடிக்கணினியேதான், சர்வர் அல்ல.

ஜேஎம்எக்ஸ்ரிமோட் ஆர்எம்ஐ போர்ட் என்ற பண்புக்கும் 9010 என்றே கொடுங்கள். இரண்டும் ஒரே போர்ட்டைப் பகிர்ந்துகொள்ளும். பதிவேடு தரும் முகவரியில் அந்த எண் அப்படியே எழுதப்பட்டிருப்பதால், கன்டெய்னருக்குள்ளும், கம்போஸின் போர்ட்ஸ் வரியிலும், சுரங்கத்தின் மடிக்கணினி முனையிலும் 9010 மாறாமல் இருக்க வேண்டும். இடையில் 19010 என்று மாற்றினால் மறுபடி மறுப்புதான் வரும்.